அட்டை 417-இன் பின்பக்கம்

1996 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை மணி 10.40. தூறல். அன்று காலை ஏழு மணிக்குத் தோட்டத்து மழைமானியில் 38 மில்லிமீட்டர் இருந்தது. பார்த்து ஏட்டில் குறித்தவன் நான்தான். தீபாவளி முடிந்த வாரம். அலுவலக வாசலில் லாரி நின்றது. அதில் பதினொரு பெட்டிகள். பெட்டிகளுக்குள் 1,142 தொழிலாளர் அட்டைகள். உதிரிப்பழம் நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தேன்: 46 கிலோ. வெளியே வைத்து எரிக்க மழை விடாது என்பதால் ஆலைக்கு அனுப்பினோம். எங்கள் தோட்டத்துக்குச் சொந்தமாகச் செம்பனை எண்ணெய் ஆலை இருந்தது.

பாய்லரில் வேலை செய்த ஆறுமுகம் முதல் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"என்னா கிராணி, அம்புட்டு பேருக்கும் ஒரே நாள்ல சீட்டக் கிழிச்சிட்டீங்க?"

நான் சிரித்தேன். பதினொரு பெட்டியும் உள்ளே போக இருபத்தைந்து நிமிடம் ஆனது.

இதை இப்போது எழுதக் காரணம் கவிதா. நான் வேலை செய்த அதே தோட்டத்தில் இன்று பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருக்கும் பெண். தோட்டம் இப்போது வேறு கம்பெனியிடம் இருக்கிறது; அதனால் பெயர் எழுதவில்லை, ஜொகூரில் காஹாங் பக்கம் என்பது போதும். அடுத்த மாதம் அங்கே எல்லாம் கைப்பேசிக்கு மாறுகிறதாம். முகத்தைக் காட்டினால் வருகை பதிந்துவிடுமாம். போன வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"அங்கிள், மொதல்ல கம்ப்யூட்டர் போட்டது நீங்கதானாமே. எங்க ஆண்டு மலருக்கு அதப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. அப்புறம் இன்னொண்ணு. பழைய டேட்டா எல்லாத்தையும் மாத்த முடியாதாம். எத விட்டா பரவால்லன்னு ஒரு ஐடியா சொல்லுங்களேன்."

முதல் வேண்டுகோள் சுலபம். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் அட்டை 417-ஐப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் வேலைப்பயிற்சியைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. எம்.சி.இ. பள்ளித் தேர்வில் தேறினேன். 1974-இல் சாஆ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தேன். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஆறு வருடம், ஸ்டோரில் இரண்டு வருடம். 1982-இல் காஹாங்குக்கு மாற்றல். 1993-இல் பெரிய கிராணி. எதையும் எண்ணாமல் விடமாட்டேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். ஸ்டோரில் ஆணியைக் கிலோவாக எழுதாமல் எண்ணிக்கையாக எழுதியவன் நான் ஒருவன்தான் என்பார்கள். அது உண்மை.

அட்டையைப் பற்றிச் சொல்கிறேன். எட்டு அங்குலம் நீளம், ஐந்து அங்குலம் அகலம், பழுப்பு நிறம். தொழிலாளி ஒருவருக்கு ஓர் அட்டை. முன்பக்கத்தில் பெயர், ஐசி என்னும் அடையாள அட்டையின் எண், சேர்ந்த தேதி, சேமநிதி எண், விடுப்புக் கணக்கு. பின்பக்கத்தில் ஆறு கோடுகள். அந்தக் கோடுகளில் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கவும், பிள்ளைக் கொட்டகையில் பால் வாங்கவும் அந்தக் கோட்டில் பெயர் இருக்க வேண்டும். அதற்காகத்தான் முதலில் வைத்தார்கள்.

ஆனால் சனங்கள் அதை அப்படி நினைக்கவில்லை. குழந்தைக்கு முப்பது நாள் கழிந்ததும் தாய் தலைக்குக் குளித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதலில் கோயிலுக்குப் போவாள். அங்கிருந்து நேரே ஆபீசுக்கு வருவாள். நாங்கள் அட்டையை எடுத்துப் பின்பக்கம் எழுதுவோம். மேசையில் கொஞ்சம் கற்கண்டு வைப்பாள். "ஆபீசுல பேரு ஏத்தியாச்சி" என்று சொல்லிக்கொண்டு போவாள். கூலி, அரிசி, வீடு, மருந்து, பிணப்பெட்டி எல்லாமே ஆபீசிலிருந்து வரும்போது, பிறப்பும் ஆபீசில் பதிந்தாயிற்று என்று நினைத்தார்கள். அரசாங்கப் பதிவு வேறு, இது வேறு என்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளுக்குத் தொல்லை இல்லை. அங்கே மருத்துவ உதவியாளராக இருந்த டிரெசர் தாள் எழுதித் தகப்பன் கையில் கொடுத்துக் குளுவாங் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். லயத்து வீடுகளிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

1984 அக்டோபர் 12-ஆம் தேதி அஞ்சலை என்ற பெண் தன் நான்காவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் மாரிமுத்து, பழம் வெட்டுபவர், அட்டை எண் 417. நான் எழுதினேன்: தனலெட்சுமி, 9.9.1984, லயம் 6, வீடு 11. டிரெசர் விடுப்பில் போயிருந்ததால் பிள்ளை வீட்டிலேயே பிறந்தது. "பதிவு அலுவலகத்துக்கும் போய்ப் பதிந்துவிடுங்கள்" என்று நான் சொன்னேனா? எல்லோரிடமும் சொல்வேன். அன்று சொன்னேனா என்பது நினைவில்லை. அன்று சம்பள வாரம். மேசையில் அஞ்சலை வைத்த கற்கண்டு மட்டும் நினைவிருக்கிறது.

கணினி வந்தது 1996 மார்ச் 12-ஆம் தேதி. கோலாலம்பூர் தலைமை அலுவலகம் அனுப்பியது: கணினி ஒன்று, ஊசிமுனை அச்சுப்பொறி ஒன்று, மின்சாரம் போனால் பதினைந்து நிமிடம் தாங்கும் பெட்டி ஒன்று, பிளாப்பி வட்டுகள் இரண்டு டஜன். எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்றுதான் இருந்தன. கடிதம் எழுதி இன்னொன்றை வரவழைத்தேன். கணினிக்கு ஏர்கோன் அறை வேண்டும் என்றார்கள். அட்டை அலமாரிகள் மூன்றும் இருந்த அறையைக் காலி செய்து அதில் வைத்தோம். அலமாரிகள் கறையான் அரித்தவை. நகர்த்தும்போதே ஒன்று உடைந்தது. அட்டைகளைப் பெட்டிகளில் போட்டு வராந்தாவில் அடுக்கினோம். கணினி அறைக்குள் செருப்பு போடக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு. காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்துவதைப் பார்த்து வெட்டுக்காரர்கள், "கிராணி பூசைக்குப் போயிட்டாரு, மணியடிச்சா வெளிய வருவாரு" என்று கேலி செய்வார்கள்.

முறையைச் சொல்லிக்கொடுக்க வந்தவர் மிஸ் டான். வயது இருபத்தாறு. ஜொகூர் பாருவிலிருந்து தானே கார் ஓட்டி வருவார். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார்; நான் சொல்வதில் பாதியைத் தமிழிலேயே புரிந்துகொள்வார். வேலையில் இருந்த 386 பேரின் அட்டைகளை நான் தட்டெழுதி ஏற்ற வேண்டும். மீதி 756 அட்டைகள் போனவர்களுடையவை, செத்தவர்களுடையவை, அவை தேவையில்லை. ஓர் அட்டைக்கு ஐந்து நிமிடம். முப்பத்திரண்டு மணி பத்து நிமிடத்தில் முடியும் என்று கணக்குப் போட்டேன். முப்பத்து நான்கு மணி நேரம் ஆனது, ஏனென்றால் மின்சாரம் நான்கு முறை போனது.

திரையில் ஓர் ஆளுக்கு இருபத்திரண்டு கட்டங்கள். பதினெட்டாவது கட்டம், 'தாங்குங்கான்': அவரை நம்பி எத்தனை பேர். அதில் இரண்டு இலக்கத்துக்கு இடம். முதல் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஐந்து பெயர்கள். கட்டத்தில் 5 என்று அடித்தேன். கட்டம் நிறைந்தது. அடுத்த அட்டை.

மூன்றாம் நாள் மிஸ் டானிடம் கேட்டேன். பெயர்களை எங்கே போடுவது?

"பெயர் வேணும்னா இன்னொரு பக்கம் சேர்க்கலாம், மிஸ்டர் சாமி. தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கணும். எனக்கு ஒருநாள் வேலை, அதுக்கு அவங்க காசு கட்டணும். இல்லன்னா அட்டையை வெச்சிக்கோங்க லா. முறை ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். எது வேணும்னு நீங்க சொல்லுங்க."

நான் சொல்கிறேன் என்றேன். தலைமை அலுவலகத்துக்கு எழுதவில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை இருக்கிறது. பால் கணக்கும் மருந்துக் கணக்கும் எண்ணிக்கையில்தானே நடக்கின்றன, பெயர் எதற்கு என்று நினைத்தேன். 386 பேருக்கும் அடித்து முடித்த அன்று பதினெட்டாம் கட்டத்தை மட்டும் கூட்டச் சொல்லிப் பொத்தானைத் தட்டினேன். 1,127 என்று வந்தது. தோட்டத்தில் இத்தனை பிள்ளைகள் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. அந்த எண்ணைத் தாளில் அச்சடித்து மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எனக்கு அவ்வளவு பெருமை.

அதன்பிறகு மூன்று மாதம் கையால் ஒரு கணக்கு, கணினியில் ஒரு கணக்கு. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஆகஸ்டில் முப்பது காசு வித்தியாசம் வந்தது. இரண்டு நாள் தேடினேன். மிஸ் டான் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் பர்சிலிருந்து ஒரு இருபது காசையும் ஒரு பத்துக் காசையும் எடுத்து விசைப்பலகை மேல் வைத்தார்.

"இந்தாங்க. கேஸ் முடிஞ்சிது. வாங்க சாப்பிடப் போலாம்."

நான் போகவில்லை. மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன். அரைக் காசை நாங்கள் கீழே தள்ளுவோம், கணினி மேலே தள்ளியது. முப்பது பேருக்கு அப்படி. மிஸ் டானின் முப்பது காசை ஓர் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். முப்பது காசுக்கு மூன்று நாள் தேடிய அதே ஆள்தான் 1,127 பெயர்களை மூன்று நிமிடம்கூட யோசிக்கவில்லை.

இனி எங்கள் மேனேஜர் என்சே ஹம்சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னும் பேனா மூடியைக் கழற்றி மேசை விளிம்புக்கு நேராக வைப்பார். தாளின் முன்பக்கத்தை வாசிப்பார். அப்புறம் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். வெறும் வெள்ளையாக இருந்தாலும் பார்ப்பார். ஒருமுறை காரணம் கேட்டேன். தன் தகப்பனார் ஒரு நிலப் பத்திரத்தின் பின்பக்கத்தைப் பார்க்காமல் கைநாட்டு வைத்தவர் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் கேட்கவில்லை.

நவம்பர் முதல் வாரம் வராந்தாவில் பெட்டிகளின் மேல் மழைச்சாரல் அடித்தது. அவரிடம் போனேன். இரண்டு தாள்கள் கொண்டுபோனேன். ஒன்று, புதிய இரும்பு அலமாரி வாங்க விலைத்தாள்: 385 ரிங்கிட். இரண்டாவது, பழைய அட்டைகளை அழிக்க அனுமதி கேட்கும் தாள். அதில் பெரிய கிராணி கையெழுத்து, மேனேஜர் கையெழுத்து என்று இரண்டு இடம். அந்த வருடம் அலுவலகச் செலவில் நாங்கள் ஒதுக்கீட்டுக்குக் கீழே இருந்தோம். அப்படியே முடித்தால் கடிதத்தில் பாராட்டு வரும்.

அவர் அலமாரித் தாளை வாசித்தார். திருப்பிப் பார்த்தார். "வேண்டுமா, சாமி?" என்று கேட்டார்.

"அட்டை தேவையென்றால் வேண்டும், துவான்."

"அட்டை தேவையா?"

அவர் எழுந்து வராந்தாவுக்கு வந்து ஒரு பெட்டியிலிருந்து ஓர் அட்டையைக் கையில் எடுத்தார். வழக்கம்போல் முன்பக்கம் பார்த்தார், திருப்பினார். ஆறு கோடுகளில் நான்கில் தமிழ் எழுத்து. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

"இது என்ன?"

"பிள்ளைகளின் பெயர், துவான்."

"கணினியில் இருக்கிறதா?"

"ஆடா, துவான்" என்றேன். இருக்கிறது என்றேன்.

நான்கு என்ற எண் இருந்தது. அதனால் நான் சொன்னது முழுப் பொய் இல்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது பெயரை. நான் சொன்னது எண்ணை. இரண்டும் வேறு என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

அவர் அலமாரித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது தாளில், "முதலில் நீ போடு, அட்டைகள் உன் பொறுப்பு" என்றார். நான் போட்டேன். அவரும் போட்டார். ஏழாம் நாள் லாரி வந்தது.

1997 ஜனவரி 20, திங்கட்கிழமை. லாரி போய் அறுபத்தேழு நாள். அஞ்சலை வந்தாள். கூடவே ரெட்டைச்சடை போட்ட சின்ன மகள்.

"ஐயா, சின்னவளுக்குப் பன்னெண்டு முடிஞ்சிருச்சி. ஐசி எடுக்கச் சொல்லி ஸ்கூல்ல துரத்துறாங்க. பெரியதுங்க மூணுக்கும் பொறந்த பத்திரம், அந்த சூராட் பெரானாக், இருக்கு. இவளுக்கு மட்டும் எடுக்கலையாம், அங்க போனா திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்கதான் கார்டுல ஏத்துனீங்க. அதப் பாத்து ஒரு லெட்டர் அடிச்சிக் குடுங்க, போதும்."

"யார் சொன்னா போதும்னு?"

"அங்க கவுண்டர்ல இருந்த அம்மாதான். பொறந்தப்ப எழுதுன ஏடு எதுனா இருந்தா கொண்டாங்கன்னு சொல்லிச்சி. நான் சொன்னேன், ஆபீசுல இருக்கு, எங்க கிராணி ஒரு ஆணியக்கூட விடமாட்டாருன்னு."

கணினி அறைக்குள் போனேன். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டேன். 417 என்று அடித்தேன். மாரிமுத்து வந்தார். பதினெட்டாம் கட்டத்தில் 4.

திரையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை நான் குறிக்கவில்லை. என் வாழ்க்கையில் குறிக்காமல் விட்ட மிகச் சில விஷயங்களில் அது ஒன்று.

வெளியே வந்து சொன்னேன்: "கம்ப்யூட்டர்ல ஏறல, அஞ்சலை. எண்ணிக்கை மட்டும்தான் ஏறியிருக்கு."

"அட்டை?"

"அட்டையெல்லாம் எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தாங்க?"

"மேலிடத்துல."

அவள் கணினி அறையின் கதவைப் பார்த்தாள். "எம்புள்ள பேரத் தின்னுடுச்சா அது?" என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அன்று முதல் தோட்டத்தில் அதுதான் கதை. கம்ப்யூட்டர் தனலெட்சுமி பேரைத் தின்றுவிட்டது. சனங்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், கோபப்பட்டார்கள். நானும் அவர்களோடு தலையாட்டினேன். அந்த மாதமே லயம் லயமாகப் போய் எல்லா வீட்டிலும் விசாரித்தேன். மற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் பத்திரம் இருந்தது. 1,126 பேருக்கு எண்ணிக்கை போதுமாக இருந்தது. ஒருத்திக்குப் போதவில்லை.

நினைவிலிருந்து கடிதம் எழுதிக் கொடுத்தேன். பதிவு அலுவலகத்தில் நியாயமாகத்தான் கேட்டார்கள்: நினைவு வேறு, ஏடு வேறு; ஏடு எங்கே? பிரசவம் பார்த்த காளியம்மா 1990-லேயே இறந்துவிட்டார். முதல் விண்ணப்பம் 1999-இல் திரும்பியது. இரண்டாவது 2005-இல் திரும்பியது. இதற்கிடையில் தனலெட்சுமிக்குப் பள்ளித் தேர்வுக்குப் பதிய எண் இல்லை. பதினைந்து வயதில் நின்றாள். பெக்கான் நானாசில் சித்தி வீட்டில் தங்கி அன்னாசி வெட்டும் கொட்டகையில் தினக்கூலிக்குப் போனாள். சேமநிதி இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. அவளுடைய அண்ணன்மார் இருவரும் அக்காவும் சிங்கப்பூரில் வேலைக்குப் போனார்கள். விடியற்காலை பாலத்தைத் தாண்டி, இருட்டியபின் திரும்பி, அந்தக் காசில் மாசாயில் வீடு வாங்கினார்கள். இவளால் பாலத்தில் கால் வைக்க முடியாது. பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டு பேருமே ஐசி எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நான் 2008-இல் ஓய்வு பெற்றுக் குளுவாங்கில் வீடு பார்த்து வந்தேன். 2011-இல் அஞ்சலை இறந்தாள். சாவுக்குப் போயிருந்தேன். மாரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மெஷின் மட்டும் வராம இருந்திருந்தா" என்றார். பந்தலில் நாற்காலிகள் அறுபது. அவற்றை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது விண்ணப்பம் 2013-இல் போட்டோம். 2016 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்போது ஜொகூரில் ஞாயிறு வேலை நாள், என்னையும் தனலெட்சுமியையும் ஜொகூர் பாருவுக்கு நேர்காணலுக்கு அழைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நடுத்தர வயதுப் பெண் அதிகாரி. எதையும் அவசரப்படாமல் கேட்டார். பதிலை எழுதி முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி.

"அந்த அட்டையை நீங்கள் பார்த்தீர்களா?"

"எழுதியவனே நான்தான், புவான்."

"எந்தப் பக்கம்?"

"பின்பக்கம். நான்காவது கோடு."

"மூன்றாவது கோட்டில் யார்?"

சொன்னேன். முதல் இரண்டையும் தேதியோடு சொன்னேன். அவர் கோப்பில் அண்ணன்மார், அக்காவின் பத்திரங்களைப் புரட்டிச் சரிபார்த்தார்.

"இவ்வளவு நினைவிருக்கிறது. அட்டை எங்கே?"

"எரித்துவிட்டோம்."

"யார் முடிவு?"

பக்கத்தில் தனலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தோரு வயது. மேலிடம் என்று சொல்ல வாய்வரை வந்தது. பத்தொன்பது வருடமாக வந்த சொல் அது.

"என் முடிவு, புவான். கணினியில் பெயர் ஏற்ற வழி இருந்தது, நான் கேட்டு எழுதவில்லை. அட்டையை வைக்க அலமாரி வாங்க வழி இருந்தது, நான் வேண்டுமென்று சொல்லவில்லை. பெயர் கணினியில் இருக்கிறது என்று மேனேஜரிடம் சொன்னேன். இல்லை என்று எனக்குத் தெரியும்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அலமாரி எவ்வளவு இடம் பிடிக்கும்?"

"பதினெட்டு அங்குலத்துக்கு இருபத்து நான்கு அங்குலம்."

அதையும் எழுதினார். என் கையெழுத்தை வாங்கினார். நான் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே பேருந்துக்குக் காத்திருந்தோம். நாற்பது நிமிடம். தனலெட்சுமி தண்ணீர் வாங்கி வந்து எனக்கொரு போத்தல் கொடுத்தாள். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா அந்த ரூமத் தாண்டிப் போறப்பல்லாம் காறித் துப்பிட்டுத்தான் போவும், சார். மழ பேஞ்சாக்கூட கொடைய மடக்கிட்டுத் துப்பும்."

"தெரியும்மா."

"சும்மா கெடந்தத திட்டியிருக்கு."

"ஆமா."

"நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா ஒங்களத் திட்டியிருக்கும். ஒரு வாரம் திட்டிருக்கும். அப்புறம் வுட்டுருக்கும்." தன் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "எனக்குத்தான் இப்ப யாரத் திட்டுறதுன்னு தெரியல. ஒங்க வயசுக்கு ஒங்கள எப்படித் திட்டுறது" என்றாள்.

பேருந்து வந்தது. குளுவாங் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். அன்று எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் எடுத்துவிட்டாள். அந்தப் பணத்தை எப்படிக் குறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

2018 செப்டம்பரில் கடிதம் வந்தது. அங்கீகரித்துவிட்டார்கள். ஏன் என்று அதில் இல்லை. கோப்பில் புதிதாகச் சேர்ந்தது என் வாக்குமூலம் ஒன்றுதான். அதற்காகத்தான் கொடுத்தார்களா, எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் என்றால், 1997-இலேயே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கணக்கு வருகிறது. அதை மட்டும் நான் போட்டுப் பார்ப்பதில்லை.

கவிதா, உங்கள் கேள்விக்கு என் பதில்: எதை விட்டால் பரவாயில்லை என்று உங்கள் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்யாதீர்கள். ஏட்டின் பின்பக்கங்களை முதலில் பாருங்கள். எண்ணாக மாற்றும் எதையும், எந்தப் பெயரிலிருந்து அந்த எண் வந்தது என்று தெரியும்படி வையுங்கள். முடியாது என்றால் பழையதை ஒரு பெட்டியில் போட்டு உங்கள் மேசைக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். இடைஞ்சலாக இருக்கட்டும்.

2018 அக்டோபர் 18, வியாழக்கிழமை, பிற்பகல் மணி 3.15, நல்ல வெயில். தனலெட்சுமி குளுவாங் வீட்டுக்கு வந்தாள். முப்பத்து நான்கு வயது. காதோரம் நரை. கைப்பையிலிருந்து நீல நிற ஐசியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். பெயர், எண், முகம். எண்ணின் முதல் ஆறு இலக்கம் 840909. வாசித்தேன். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

"அங்க ஒண்ணுமில்ல சார், கோபுரம் படம்தான்" என்றாள்.

என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். தனலெட்சுமி குடித்து முடித்தாள். கிளம்பும்போது பர்சைக் கையில் எடுத்தாள்.

"அம்மா சாவறதுக்கு முந்தி சொல்லிச்சி. கிராணி நமக்காகக் கைக்காசு போட்டு அலையறாரு, ஐசி கெடச்சதும் எவ்வளவுன்னு கேட்டுக் குடுத்துடுன்னு. சொல்லுங்க சார், எவ்வளவு?"

"கணக்கு வைக்கலம்மா."

"நீங்களா?" என்றாள். என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பர்சை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

நோட்டு மேசை இழுப்பறையில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. முப்பத்து நான்கு பயணம். பேருந்து, முத்திரைத்தாள், சத்தியப் பிரமாணம், நகல், புகைப்படம். மதியச் சாப்பாட்டைச் சேர்க்கவில்லை. வீட்டில் இருந்தாலும் சாப்பிட்டிருப்பேன். மொத்தம் 1,947 ரிங்கிட் 60 காசு.